துறையே இல்லாத கல்லூரியில் சேர்வது எப்படி? காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக்: ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்தில் மெய்ன் மாநிலம். அதில் மவுண்ட் டெசர்ட் என்றொரு தீவு. தீவின் கரையில் பார் ஹார்பர் என்ற சிற்றூர். கோடையில் சுற்றுலாப் பயணிகளும் சிங்கி இறாலுமாக நிரம்பி வழியும்; குளிர் வந்தால் பாதிக் கடைகளுக்குப் பூட்டு. அங்கே சுமார் 350 மாணவர்களே படிக்கும் கல்லூரி ஒன்று இருக்கிறது: காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக். இளங்கலையில் எல்லாருக்கும் ஒரே பட்டம், ஹியூமன் இகாலஜி. மனிதருக்கும் அவரைச் சுற்றியுள்ள இயற்கைக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவைப் படிப்பது. இயற்பியல் துறை, ஆங்கிலத் துறை என்றெல்லாம் பிரிவே கிடையாது. திமிங்கிலத்தைப் படிப்பவருக்கும் திரைப்படம் எடுப்பவருக்கும் பட்டச் சான்றிதழில் அதே இரண்டு சொற்கள்தான்.

நான் பாம்பன்காரி. அங்கே சேர்ந்து முதல் ஆண்டை முடித்த அனுபவத்தில் எழுதுகிறேன். வெளிநாட்டுப் படிப்பு பற்றித் தமிழில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் பொறியியல் முதுகலைக்கானவை. அந்த வழிமுறையை அப்படியே பிடித்துக்கொண்டு இங்கே விண்ணப்பித்தால் வேலைக்கு ஆகாது. காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

முதலில்: இது எப்படிப்பட்ட இடம் என்று புரிந்துகொள்ளுங்கள்

1947 அக்டோபரில் மவுண்ட் டெசர்ட் தீவில் பெருந்தீ. 17,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. பணக்காரர்களின் கோடை மாளிகைகள் பலவும் சாம்பலாயின. அதன்பிறகு ஊரின் பிழைப்பு கோடைச் சுற்றுலாவை நம்பியதாகிவிட்டது. ஆண்டு முழுக்க ஊருக்கு உயிர் கொடுக்க ஏதாவது வேண்டும் என்று நினைத்தவர்களில் இருவர், உள்ளூர் வணிகர் லெஸ் புரூவரும் கத்தோலிக்கப் பாதிரியார் ஜேம்ஸ் கவரும். பள்ளியில் ஒரே அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடிய நண்பர்கள். 1969இல் கல்லூரி உருவானது. எட் கேல்பர் முதல் தலைவரானார். 1972இல் 32 மாணவர்களோடு வகுப்பு தொடங்கியது.

இந்த வரலாற்றை நான் சொல்வது விண்ணப்பத்தில் எடுத்து எழுத அல்ல. ஓர் ஊரின் சிக்கலிலிருந்து பிறந்த கல்லூரி அது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்றும் அங்கே படிப்பு அப்படித்தான் நடக்கிறது. சிக்கலை முதலில் எடுத்து மேசையில் வைப்பார்கள். அதற்கு உயிரியல் வேண்டுமா, சட்டம் வேண்டுமா, ஓவியம் வேண்டுமா என்பது பிறகுதான்.

படிப்பின் எலும்புக்கூடு இது: ஆண்டுக்கு மூன்று பருவம், பருவத்துக்குப் பத்து வாரம், பருவத்துக்கு மூன்று பாடம். நான்கு ஆண்டில் மொத்தம் 36 பாட அலகுகள். இடையில் ஒரு வேலைப் பயிற்சி, சமூகப்பணி, ஹியூமன் இகாலஜி என்றால் உங்களுக்கு என்ன என்று ஒரு கட்டுரை, கடைசியில் ஒரு பருவம் முழுக்க நீங்களே செய்யும் திட்டம். எந்தப் பாடத்துக்குப் பின் எந்தப் பாடம் என்று அட்டவணை போட்டுத் தர ஆள் இல்லை. அந்த அட்டவணையைப் போடுவதுதான் படிப்பின் பாதி. 'யாராவது சொன்னால் ஒழுங்காகச் செய்துவிடுவேன்' என்கிற வகை மாணவர் நீங்கள் என்றால், அதில் தவறில்லை, ஆனால் இங்கே திணறுவீர்கள்.

பணத்துக்கான வாசல் பத்தாம் வகுப்பிலேயே திறக்கிறது

இதை இரண்டாவதாகச் சொல்லக் காரணம், பன்னிரண்டாம் வகுப்பில் இதைத் தேடி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அமெரிக்கத் தனியார் கல்லூரிச் செலவை நம் நடுத்தரக் குடும்பங்களால்கூடத் தாங்க முடியாது. என் அப்பாவுக்கு நாட்டுப்படகுதான் தொழில். எனக்குக் கிடைத்த வழி இது.

யுனைடெட் வேர்ல்ட் காலேஜ் (யூ.டபிள்யூ.சி.) என்று உலகம் முழுக்கப் பள்ளிகள் உண்டு. பெயரில்தான் காலேஜ், உண்மையில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான, ஐ.பி. என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தில் இரண்டாண்டுப் படிப்பு. முதல் பள்ளி 1962இல் வேல்ஸில் தொடங்கியது. இந்தியாவில் இருப்பது 1997இல் புனே அருகே முல்ஷிப் பள்ளத்தாக்கில் தொடங்கிய மஹிந்திரா கல்லூரி. இந்தியாவுக்கான தேர்வுக்குழு விண்ணப்பம், நேர்காணல், குழுச் செயல்பாடுகள் வைத்து மாணவரைத் தேர்ந்தெடுக்கிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறது. பத்தாவது அல்லது பதினொன்றாவது படிக்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும்.

அங்கே படித்து முடித்தவர்கள் அமெரிக்கக் கல்லூரிகளில் படிக்கப் பண உதவி செய்யும் டேவிஸ் உதவித்திட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் ஐந்தே ஐந்து கல்லூரிகளோடு தொடங்கியது. பிரின்ஸ்டன், வெல்லஸ்லி, மிடில்பரி, கோல்பி ஆகியவற்றோடு ஐந்தாவதாக இருந்தது காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக். அதனால்தான் 350 பேர் மட்டும் உள்ள அந்தக் கல்லூரியில் இத்தனை நாட்டு முகங்கள். நேபாளத்துப் பிள்ளையும் கென்யாவின் பிள்ளையும் என்னோடு ஒரே வீட்டில் தங்கினார்கள்.

யூ.டபிள்யூ.சி. வழியில் வராதவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் வெளிநாட்டு மாணவருக்கான நிதியுதவி அளவானது. 'சேர்ந்துவிட்டால் எப்படியாவது பணம் வந்துவிடும்' என்று நம்பி வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். நிதியுதவிக் கடிதத்தில் உள்ள எண்ணைப் பார்த்த பிறகுதான் முடிவு. அந்தக் கடிதத்திலும் மொத்தத்தைப் பார்க்காதீர்கள். எவ்வளவு திருப்பித் தர வேண்டாத உதவி, எவ்வளவு கடன், எவ்வளவு வளாகத்தில் வேலை செய்து ஈட்ட வேண்டியது என்று தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். விமானக் கட்டணமும் மருத்துவக் காப்பீடும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். கேட்பதால் யாரும் உங்களைக் குறைவாக நினைப்பதில்லை.

பள்ளி விடுமுறையில் மதுரைக்குப் போய் ஒரு கல்வி ஆலோசனை மையத்தில் விசாரித்தேன். 'துறையில்லாத பட்டத்துக்கு மதிப்பில்லைம்மா, நாங்க சொல்ற காலேஜ்ல போடுங்க' என்று ஒரு பட்டியலையும் கட்டண ரசீதையும் நீட்டினார்கள். அங்கீகாரம் எங்கே பார்ப்பது என்று அன்று எனக்குத் தெரியவில்லை, பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். இப்போது தெரியும்: அந்தப் பகுதிக் கல்லூரிகளை அங்கீகரிக்கும் நியூ இங்கிலாந்து உயர்கல்வி ஆணையத்தின் பட்டியலில் இந்தக் கல்லூரி இருக்கிறது. மாற்றுக் கல்லூரி என்று சொல்லிக்கொள்ளும் எந்த இடமானாலும் முதலில் பார்க்க வேண்டியது இந்த அங்கீகாரத்தைத்தான். திரும்பி வந்து அரசு வேலைக்கோ மேல்படிப்புக்கோ போவதாக இருந்தால் இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்ற சான்று தேவைப்படும். அதற்கும் அதுவே அடிப்படை.

கட்டுரை: இங்கே நிதானமாக இருங்கள்

விண்ணப்பம் காமன் ஆப் என்ற பொதுத்தளம் வழியாகப் போகிறது. ஆகஸ்ட் 1 அன்று புதிய ஆண்டுக்குத் திறக்கும். சாட் என்ற அமெரிக்க நுழைவுத்தேர்வின் மதிப்பெண் கட்டாயமில்லை. பள்ளி மதிப்பெண்கள், ஆசிரியர் கடிதங்கள், 650 சொல்லுக்கு மிகாத முதன்மைக் கட்டுரை, கல்லூரி தனியாகக் கேட்கும் எழுத்து, இவைதான் உங்களைக் காட்டும். நுழைவுத்தேர்வு மதிப்பெண் என்ற ஒற்றை எண்ணுக்குப் பழகிய நமக்கு இது எளிதாகத் தோன்றும். எனக்கு இதைவிடக் கடினமான ஒன்றைச் செய்த நினைவில்லை.

என் பெரியம்மா பாசி எடுப்பவர். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பார். ஜெல்லி போல உறையவைக்கும் அகர் என்ற பொருளைச் செய்ய அது போகிறது. 1986இல் அந்த 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதனால், அவர் தாயார் காலத்திலிருந்து முங்கிய இடத்தில் முங்குவது குற்றமானது.

என் முதல் வரைவில் பெரியம்மாவின் வெட்டுப்பட்ட விரல்கள் இருந்தன, வறுமை இருந்தது, நான் படித்து அவரை மீட்பேன் என்ற உறுதி இருந்தது. பள்ளியில் எனக்கு வழிகாட்டிய ஆசிரியை படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இதுல உன் பெரியம்மாவுக்கு என்ன தெரியும்னு ஒரு வரிகூட இல்லையே?"

அன்று இரவு அழுதேன். பிறகு ஊருக்குப் போன் போட்டு, பெரியம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசினேன். எந்தப் பாசியை வேரோடு பிடுங்கக் கூடாது, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது என்று பெண்களே கூடி ஏன் முடிவு செய்தார்கள், அதை மீறிய ஒருத்தியை என்ன செய்தார்கள். இரண்டாவது வரைவு அதைப் பற்றியது. கேள்வி ஒன்றே ஒன்று: கடலைக் காக்க இவர்கள் போட்ட விதியும் அரசு போட்ட விதியும் ஒரே கடலுக்கானவை, பிறகு ஏன் ஒன்றுக்கு மட்டும் சட்டம் என்று பெயர்? பதில் எழுதவில்லை, எனக்குத் தெரியாது. தெரியாது என்றே முடித்தேன்.

என் அழுத்தமான கருத்து இதுதான்: இந்தக் கல்லூரி உங்கள் சாதனைப் பட்டியலைத் தேடவில்லை. நீங்கள் விடாமல் பிடித்து வைத்திருக்கும் கேள்வி ஒன்று உண்டா என்று தேடுகிறது. அது பெரிய கேள்வியாக இருக்க வேண்டாம். உங்கள் தெருவில் கிணறு ஏன் உப்பானது, கோயில் யானைக்கு மருத்துவம் பார்ப்பது யார், அப்பாவின் தறி ஏன் நின்றது, இவை போதும். ஆனால் அந்தக் கேள்விக்காக நீங்கள் ஏதாவது செய்திருக்க வேண்டும்: நாலு பேரிடம் பேசியிருக்க வேண்டும், ஒரு நோட்டில் குறித்திருக்க வேண்டும், ஒரு முறை தவறாகவாவது புரிந்துகொண்டிருக்க வேண்டும். அதை எழுதுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் இடறினாலும் பரவாயில்லை. யாரோ எழுதிக் கொடுத்த வழவழப்பான ஆங்கிலம்தான் ஆபத்து, நேர்காணலில் நீங்கள் வாய் திறந்ததும் அது கலைந்துவிடும்.

ஆசிரியர் கடிதங்கள்

நம் ஊர்ப் பள்ளிகளில் படிப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. தளம் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு நேரடியாகக் கோரிக்கை அனுப்பும். பல ஆசிரியர்கள் 'நல்லொழுக்கம் உடையவர்' என்ற நன்னடத்தைச் சான்றிதழைத்தான் இதுவரை எழுதியிருப்பார்கள். அவர்களுக்கு நீங்கள்தான் வழி காட்ட வேண்டும். ஒரு பக்கத் தாளில் அவர் வகுப்பில் நடந்த இரண்டு சம்பவங்களை நினைவூட்டுங்கள்: நீங்கள் கேட்ட கேள்வி, தோற்றுப்போன செய்முறை, அவரோடு போட்ட விவாதம். புகழ்ச்சி வேண்டாம், சம்பவம் போதும் என்று பணிவாகச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கினால் தமிழிலேயே எழுதச் சொல்லி, முறையான மொழிபெயர்ப்போடு அனுப்பலாமா என்று கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். அரையாண்டுத் தேர்வு சமயத்தில் போய் நின்றால் எந்த ஆசிரியருக்கும் நேரம் இருக்காது.

எப்போது அனுப்புவது

டிசம்பரில் ஒரு முன்கூட்டிய சுற்று, குளிர்காலத்தில் பொதுச் சுற்று என்று நாட்கள் உண்டு. ஆண்டுக்கு ஆண்டு தேதியைக் கல்லூரியின் தளத்தில் பாருங்கள். முன்கூட்டிய சுற்று என்பது ஒப்பந்தம் போன்றது. இடம் கிடைத்தால் மற்ற கல்லூரிகளைக் கைவிடுகிறேன் என்று பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். உதவித்தொகைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய குடும்பத்துக்குப் பொதுச் சுற்றே நல்லது என்பது என் எண்ணம்.

நேர்காணலுக்கு அழைத்தால், அல்லது கேட்டுப் பெற முடிந்தால், விடாதீர்கள். வீடியோவில் நடக்கும். எனக்கு அது நேர்காணல் போலவே இல்லை. பாசி பற்றி அரைமணி நேரம் பேசினோம். கடைசியில் 'எங்களிடம் என்ன கேட்க வேண்டும்?' என்பார்கள். 'ஒன்றுமில்லை, நன்றி' என்று சொல்லிவிடாதீர்கள். நான் குளிர்காலத்தில் மாணவர்கள் சோர்ந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அந்தப் பதில் பிறகு எனக்கே பயன்பட்டது.

விசா

இடம் கிடைத்ததும் கல்லூரி ஐ-20 என்ற படிவம் அனுப்பும். அதை வைத்து செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டாலர் கட்டணம் கட்டி, டி.எஸ்-160 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்பி, விசா கட்டணம் தனியே செலுத்தி, நேர்காணல் நாள் பெற வேண்டும். நான் சென்னையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்துக்குப் போனேன். மற்றவர்களுக்கு 'கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்ற ஒரு சொல் போதும். நமக்கு 'ஹியூமன் இகாலஜியா, அப்படியென்றால்?' என்ற கேள்வி நிச்சயம் வரும். இரண்டே வாக்கியத்தில் பதிலைத் தயார் செய்யுங்கள்: என்ன படிக்கப் போகிறேன், அதை வைத்து ஊரில் என்ன செய்யப் போகிறேன். வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நிதியுதவிக் கடிதம் கையில் இருக்கட்டும்.

படிப்பு தொடங்கும் நாளுக்கு முப்பது நாள் முன்பிருந்துதான் அமெரிக்காவுக்குள் நுழைய முடியும். அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். பாஸ்டனில் இறங்கி, பேருந்தில் பாங்கர் நகரம் வந்து, அங்கிருந்து இன்னும் 75 கிலோமீட்டருக்கு மேல் போனால் பார் ஹார்பர். கடைசித் துண்டுப் பயணத்துக்கு யார் வருவார்கள் என்று கிளம்பும் முன்பே கல்லூரியிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் வாரங்கள்

வகுப்புக்கு முன்பே புது மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துக் காட்டுக்கு அனுப்புவார்கள். மலையேற்றம், படகு, கூடாரம். மூத்த மாணவர்கள்தான் வழிநடத்துவார்கள். பெயர் தெரியாதவர்களோடு மழையில் நனைந்தபடி சோறு பொங்கித் தின்றால் நட்பு தானாக வந்துவிடுகிறது. கூடாரத்தில் படுத்துப் பழக்கமில்லை என்று தயங்க வேண்டாம், யாரும் நிபுணராக வருவதில்லை.

பருவத் தொடக்கத்தில் இன்னொரு வழக்கம்: கல்லூரியின் படகுத்துறையிலிருந்து எதிரே உள்ள பார் தீவு வரை நீந்துவது. கூடவே படகுகள் வரும். கடல் வற்றும்போது அந்தத் தீவுக்கு நடந்தே போகலாம், ஒரு மணல் திட்டு எழுந்து வழிவிடும். நான் கடலில் பிறந்து வளர்ந்தவள், நீச்சல் எனக்கு விளையாட்டு என்று குதித்தேன். அந்தக் குளிரில் மூச்சே நின்றுவிட்டது. பாதியில் படகைப் பிடித்துக்கொண்டேன். பாம்பனில் கடல் ஏறுவதும் வற்றுவதும் முழங்கால் அளவுதான். இங்கே மூன்று மீட்டர். அடுத்த நாளே ஓத அட்டவணையைக் கடையில் வாங்கி அறையில் ஒட்டினேன்.

முதல் பருவத்தில் புது மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து எடுக்கும் ஒரு பாடம் உண்டு, ஹியூமன் இகாலஜி அடிப்படை வகுப்பு. மற்ற இரண்டும் உங்கள் விருப்பம். இங்கே ஒரு யோசனை: இரண்டில் ஒன்றைத் தெரிந்த துறையிலும், ஒன்றைச் சற்றும் தெரியாத துறையிலும் எடுங்கள். நான் கடல் உயிரியலும் சிற்பமும் எடுத்தேன். சிற்ப வகுப்பில்தான் முதல்முறையாக, தவறாகச் செய்த ஒன்றைக் கலைக்காமல் மேலே கட்டிப் பழகினேன்.

மதிப்பெண் விஷயம் வீட்டுக்கு விளக்குவது கடினம். பாடம் முடிந்ததும் ஆசிரியர் உங்கள் வேலையைப் பற்றி விரிவாக எழுதித் தருவார். நீங்களும் உங்களைப் பற்றி எழுதுவீர்கள். ஏ, பி போன்ற எழுத்துத் தரம் வேண்டுமென்றால் கேட்டுப் பெறலாம். முதுகலைக்குப் போகும் எண்ணம் உள்ளவர்கள் சில பாடங்களிலாவது தரம் கேட்டு வாங்கி வையுங்கள். இதை எனக்கு யாரும் முதல் பருவத்தில் சொல்லவில்லை.

வாரத்துக்கு ஒருமுறை அனைத்துக் கல்லூரிக் கூட்டம் நடக்கும். மாணவர், ஆசிரியர், அலுவலர் எல்லாரும் உட்கார்ந்து கல்லூரி நடத்துவது பற்றிப் பேசுவார்கள். கூட்டத்தை நடத்துவதும் மாணவர்தான். ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. 'மேம்' என்றே வாயில் வந்தது. கல்லூரியை நடத்தும் குழுக்களில் மாணவர்களும் சேரலாம். எதிலாவது ஒன்றில் முதல் ஆண்டிலேயே சேருங்கள், பேசாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நிறுவனம் எப்படி முடிவெடுக்கிறது என்று உள்ளே உட்கார்ந்து பார்ப்பது எந்தப் பாடத்திலும் கிடைக்காது.

டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். நம் உடம்புக்கு இது குளிரைவிடப் பெரிய அடி. நான் இரண்டு வாரம் வகுப்பு தவிர மற்ற நேரமெல்லாம் படுத்துக் கிடந்தேன். சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். நேர்காணலில் கேட்ட பதில் நினைவுக்கு வந்து கல்லூரி ஆலோசகரைப் பார்த்தேன். காலை வெயிலில் அரைமணி நடை, நண்பர்களோடு சமையல், இவை இரண்டும்தான் என்னைத் தூக்கி நிறுத்தின. சிறிய குக்கர் ஒன்றும் சாம்பார்ப் பொடியும் கொண்டுபோங்கள். பனிக்கால மேலங்கியைச் சென்னையில் வாங்காதீர்கள். அங்கே மூத்த மாணவர்கள் விட்டுச்செல்பவை கிடைக்கும்.

பிப்ரவரியில் என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் பாசி பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். மெய்ன் கடற்கரையிலும் ராக்வீட் என்ற பாசிக்கு வழக்கு நடந்திருக்கிறது என்றார். ஓதம் வந்து போகும் பாறையில் வளரும் பாசி யாருக்குச் சொந்தம்? 2019இல் மாநில உச்ச நீதிமன்றம், கரை நிலத்தின் உரிமையாளருக்கே என்று தீர்ப்பளித்தது. அதைப் படித்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு, பாம்பனில் காலை ஏழரை, பெரியம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"கரை ஒருத்தனுக்குச் சொந்தம்னா பாசியும் அவனுக்கா?" என்று கேட்டார். பிறகு சற்று நேரம் கழித்து, "ஏத்தா, அங்க பாசி கிலோ என்ன வெலைக்கு எடுக்குறாக?"

எனக்குத் தெரியவில்லை. அடுத்த பருவத்துக்கு மூன்றாவது பாடமாக எதை எடுப்பது என்று அதுவரை முடிவாகாமல் இருந்தது. காலையில் போய்ப் பொருளாதாரத்தில் பெயர் கொடுத்தேன்.